டெலிபோனின் காது

லியபாயா துறைமுகத்தில் எழுபத்தொன்றின் குளிர்காலம்
பதினோரு பொது டெலிபோன்களைச் செவிடாக்கியது.
வாயை விட்டுவிட்டுக்
காதை மட்டும் கழற்றிப் போயிருந்தான் எவனோ.
பேசலாம், பதில்தான் வராது.
அந்த நாட்டில் அது
பலருக்கும் பழகியதுதான்.

எவனோ என்றால் ஓயார்ஸ் ஸ்கூயா,
வயது இருபத்திரண்டு, எஃகு ஆலையில் இரவு முறை.
(தமிழில் எழுதும்போதுதான் பார்க்கிறேன்:
கடைசி எழுத்து உதிர்ந்தால் அவன் ஓயார்.)

ஒவ்வொரு காதுக்குள்ளும் ஒரு குட்டிக் காந்தம்,
மயிரிழைச் செம்பு சுற்றிய சுருள்.
அவற்றைப் பிரித்து ஆறு கம்பிகளுக்கும் கீழே பதித்தான்.
உடம்புக்குத் தன் கட்டிலின் தலைப்பலகையை அறுத்தான்.
கல்யாணம் ஆகும்வரை
சுவரில் முட்டி முட்டித்தான் தூங்கினான்.

ஈர உப்பு என்று பெயர் வைத்தார்கள்.
அனுமதிக் குழு அதை அடித்துவிட்டு
குரல் மற்றும் வாத்தியக் குழு, எண் நான்கு
என்று ஊதா மையில் எழுதியது.
ஆர்கன் ரஸ்மா. டிரம்ஸ் எவால்ட்ஸ்.
துணிக்கறை நீக்கும் திரவத்தைக் கைக்குட்டையில் முகர்ந்தால்
பால்டிக் கடல் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றும்
என்பான் எவால்ட்ஸ்.
ஓயார்ஸ் ஒரு தடவை முகர்ந்தான். தலைவலி வந்தது.

அவனுக்கான கிறுக்கு வேறு இடத்தில் இருந்தது.
இரண்டு டேப் ரெக்கார்டர்களுக்கு நடுவே
ஒரே நாடாவை அறை நீளத்துக்கு இழுத்துக் கட்டினான்.
வாசித்த சுரம்
நாற்காலி முதுகைச் சுற்றிக்கொண்டு
மூன்று நொடி வயதாகித் திரும்பும்.
அதனோடு சண்டை பிடிப்பான், சமாதானமாவான்,
பிறகு இரண்டும் சேர்ந்து
யாருக்கும் தெரியாத மூன்றாவதைத் துரத்தும்.
மீன் டப்பா ஆலைப் பெண்கள் ஆடத்தான் வந்திருந்தார்கள்.
ஆடாமல் நின்றார்கள்,
புகையிட்ட மீன் வாசத்தோடு, கண்மூடி.

கலாசார மாளிகையைத் துடைக்கும் மில்டா
கடைசி வரிசைக்கும் பின்னால் நிற்பாள்.
"உன் கிட்டார்
யாரோ பேச வாயெடுக்கிற மாதிரி இருக்கிறது"
என்றாள் ஒரு நாள்.
பிறகு, துணியைப் பிழிந்தபடி, வேறு கதையாகச் சொன்னாள்:

"ஜனவரியில் வீட்டுக்காரருக்கு நெஞ்சடைத்தது.
கால்வாய்ப் பாலத்துப் பூத்துக்கு ஓடினேன்.
தெருவைச் சொன்னேன், கதவு எண்ணைச் சொன்னேன்.
அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்றே தெரியவில்லை.
பனியில் ஆஸ்பத்திரிக்கே நடந்தேன்.
திரும்பி வந்தால் வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது.
கேட்டிருக்கிறார்கள், பார்.
கேட்டது என்று மட்டும் தெரிந்திருந்தால்
வீட்டுக்குப் போய்
அவர் கையைப் பிடித்துக்கொண்டாவது இருந்திருப்பேன்."

அன்றிரவும் வாசித்தான்.
நன்றாகத்தான் வாசித்தான். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

எழுபத்து நான்கில் தடை.
முடியை ஆலை வாசலிலேயே வெட்டினார்கள்.
ரஸ்மா ரீகாவுக்குப் போனாள், எவால்ட்ஸ் குடிக்கப் போனான்.
நாற்பது நிமிட நாடா ஒன்று மிஞ்சியது,
அதன்மேல் யாரோ ஹாக்கி வர்ணனை பதிந்துவிட்டார்கள்.
பிறகு கல்யாணங்கள், அக்கார்டியனுக்குப் பக்கவாத்தியம்.
பிறகு கொடி மாறியது. பிறகு ஆலையும் மூடியது.
மில்டாவிடம் சொல்லவே இல்லை.
எண்பத்தாறில் அவள் போய்விட்டாள்.

எழுபத்தொரு வயதில்
செவிக்கருவி பொருத்தினாள் டாக்டர் ஆபொல்லா.
"உள்ளே குட்டியாக ஒரு செம்புச் சுருள் இருக்கிறது.
டெலிபோன் பேச வசதி" என்றாள்.
சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை.
அவள் தண்ணீர் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் கால்வாய்ப் பாலம்.
பூத் இருந்த இடத்தில் காப்பி விற்கிறார்கள்.
பொத்தானைச் சுருளுக்குத் திருப்பினான்.
காற்று நின்றது, மனிதர்கள் நின்றார்கள்,
கம்பிகள் மட்டும் முனகின.
டிராம் கண்ணில் படுவதற்கு வெகுநேரம் முன்பே
அதன் மின்சாரம் காதுக்குள் வந்தது,
இரண்டு சுரங்களுக்கு நடுவே, எதிலும் உட்காராமல்.
கோட்டுப் பைக்குள் இடது கை
அதைத் தேடிக்கொண்டிருந்தது.
டிராம் வந்தது. போனது. அவன் ஏறவில்லை.